கப்பாளதுர்காவில் கிரானைட் பிறந்த இடம்

செலவுக் கணக்கைத்தான் முதலில் எழுத நினைத்தேன். கர்நாடகத்தின் ராமநகரத்தில் போக வர 1,200 ரூபாய் என்று பேசித்தான் ஆட்டோவில் ஏறினேன். கப்பாளதுர்காவில் இறங்கியதும் காத்திருப்புக்குத் தனி என்று 1,800 கேட்டார். என் மொத்த பட்ஜெட்டே 2,500! வேறு வண்டி இல்லை, கொடுத்தேன். பச்சைக் கொள்ளை. போகிறவர்கள் காத்திருப்பையும் சேர்த்தே பேசிவிடுங்கள்.

சரி, கல்லுக்கு வருவோம். பூமிக்கடியில் இருந்த குழம்பு ஆறினால் கிரானைட் என்று பள்ளியில் படித்தோம். அந்தக் குழம்பு எங்கிருந்து வந்தது? கப்பாளதுர்காவின் பழைய கல்குவாரியில் அதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வரிவரியாக மடிந்து கிடக்கும் சாம்பல் நிற நைஸ் பாறைக்கு வயது சுமார் 300 கோடி ஆண்டுகள். 250 கோடி ஆண்டுகளுக்கு முன் அது ஆழத்தில் மறுபடி சூடேறியது. ஈரம் இருந்தால் 700 டிகிரி வாக்கிலேயே நைஸ் உருகத் தொடங்கிவிடும். அதிலுள்ள வெளிர் தாதுக்களான குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் முதலில் உருகும். கருப்புத் தாதுக்கள் பின்தங்கும். அதனால்தான் ஒவ்வொரு வெளிர் பட்டையின் ஓரத்திலும் மை தீட்டிய மாதிரி ஒரு கருங்கோடு. அந்தப் பட்டைதான் கிரானைட்! பாதி நைஸ், பாதி கிரானைட்டான இந்தக் கல்லை மிக்மடைட் என்கிறார்கள். ஒரு பட்டையை விரலால் தொடர்ந்தேன். பக்கத்துப் பட்டைகள் வந்து சேரச் சேர, நூலாகத் தொடங்கியது கையகலம் ஆனது. உடம்பு சிலிர்த்துவிட்டது.

அதே சுவரில் பச்சை கலந்த கருந்திட்டுகளும் உண்டு. நீர் வற்றிய இடங்களில் நைஸ், சார்னோகைட் என்ற இன்னொரு பாறையாக மாறியிருக்கிறது. நம் பரங்கிமலையின் கல் அதுதான். நைஸ் சார்னோகைட்டாக மாறுவதை இங்கே கண்டு, 1960இல் உலகுக்குச் சொன்னவர் புவியியல் அறிஞர் பிச்சமுத்து. குவாரியில் ஒரு பெயர்ப்பலகைகூட இல்லாதது வருத்தமாக இருந்தது.

அப்புறம் ராமநகரத்தை ஒட்டிய ராமதேவர பெட்டா குன்று. கட்டைவிரல் பருமனில் ரோஜா நிற ஃபெல்ட்ஸ்பார் படிகங்கள். குளோஸ்பேட்டை கிரானைட் என்ற இந்தப் பாறைப் பட்டை தெற்கு வடக்காக சுமார் 400 கிலோமீட்டர் ஓடுகிறது. ராமநகரத்தின் பழைய பெயர்தான் குளோஸ்பேட்டை. இத்தனையும் நைஸ் உருகி மட்டும் வந்ததல்ல. இன்னும் ஆழத்திலிருந்து, பூமியின் மேலோட்டுக்குக் கீழே உள்ள மேன்டில் அடுக்கிலிருந்து வந்த குழம்பும் இதில் கலந்திருக்கிறது.

திரும்பும்போது பிடதியில் இறங்கி தட்டு இட்லி சாப்பிட்டேன். மேலே வெண்ணெய். ஆட்டோவுக்குக் கொடுத்த பணம் அப்போதுதான் மறந்தது.