சுருக்குப்பைக் கணக்கு

ஜனவரி 20, திங்கள்

120 சுருக்குப்பை. திருமங்கலத்தில் ஒரு கல்யாண வீடு, பிப்ரவரி 16 முகூர்த்தம். தாம்பூலம் வைத்துக் கொடுக்க வேண்டுமாம். முன்பணம் 3,000 காலையிலேயே வந்துவிட்டது. பை ஒன்று 90 ரூபாய் என்று பேசியது நான்தான்.

எங்கள் வீட்டுத் தொழிலில் இதுவரை வந்ததில் இதுதான் பெரிய ஆர்டர். அப்பா மதுரையில் மீனாட்சி கோயில் எதிரே இருக்கும் புது மண்டபத்தில் 31 வருடம் தைத்தவர். தூணுக்கும் தூணுக்கும் நடுவில் ஒரு மெஷின், ஒரு ஸ்டூல், அவ்வளவுதான் கடை. மண்டபத்துக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றியபோது அவர் மெஷினை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். நான் அலுவலக வேலையை விட்டிருந்த சமயம் அது. சுங்குடித் துணியில் பை, தலைமுடிக்குப் போடும் ஸ்க்ரஞ்சி, துணி பட்டன் கம்மல் என்று ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தோம். தம்பி பார்சலையும் கடைகளையும் பார்த்துக்கொள்கிறான். அவன் மனைவி போட்டோ எடுத்து இன்ஸ்டாகிராமில் போடுகிறாள்.

ஒரு மீட்டர் துணியில் 8 பை வெட்டலாம். அப்படியென்றால் 15 மீட்டர். பாதி அரக்கு, பாதி பச்சை.

ஜனவரி 22, புதன்

எதிர் வீட்டு அக்காவிடம் துணி கொடுத்தாயிற்று. அவர் சௌராஷ்டிரக்காரர். மாமியாரிடம் முடிச்சுப் போடக் கற்றுக்கொண்டாராம். முடிச்சுப் போட்ட பிறகு சாயத்தில் போட்டால், முடிச்சுக்குள் சாயம் ஏறாமல் வெள்ளைப் புள்ளி விழும், அதுதான் சுங்குடி. நாயக்கர் காலத்தில் மதுரைக்கு வந்து குடியேறிய நெசவுக் குடும்பங்களின் கைவேலை இது. பெரும்பாலும் பெண்கள் வீட்டில் உட்கார்ந்தே செய்வது.

நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், இன்றும் அரைமணி நேரம் எழுந்திருக்க மனம் வரவில்லை. துணியில் குறித்த இடத்தை நகத்து நுனியால் ஒரு மிளகு அளவு தூக்குகிறார். நூலை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி ஒரு இழுப்பு. அடுத்த புள்ளி. கண் டிவியில் இருக்கிறது, விரல் தவறுவதே இல்லை. ஒன்றரை அங்குலத்துக்கு ஒன்று என்று வைத்தாலும் மீட்டருக்கு 700 புள்ளிக்கு மேல் வரும். அக்காவுக்கு மீட்டர் ஒன்றுக்கு 3 மணி நேரம் ஆகிறது. கூலி 250 ரூபாய். சனிக்கிழமை சனிக்கிழமை கொடுத்துவிடுவோம், அதில் ஒரு நாளும் பாக்கி வைத்ததில்லை.

ஜனவரி 25, சனி

ஒரு அம்மா போனில் கேட்டார்: “கடையில 40 ரூபாய்க்குச் சுங்குடிப் பை விக்கிறாங்களே, உங்களது மட்டும் ஏன் இந்த விலை?”

அது புள்ளி அச்சடித்த துணி என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. குறை சொல்லவும் முடியாது, கடையில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான். மதுரைச் சுங்குடிக்கு 2005-இலேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஆனால் கையில் துணியை வைத்துக்கொண்டு நிற்பவருக்கு அதனால் என்ன தெரியும்? அதனால் தொட்டுப் பார்க்கச் சொல்கிறேன். முடிச்சுப் போட்ட துணி இஸ்திரி போடும் வரை புள்ளிக்குப் புள்ளி மொக்கு மாதிரி எழும்பி நிற்கும். வட்டங்கள் ஒன்றைப் போல் ஒன்று இருக்காது. பல புள்ளிகளின் நடுவில் சாயம் ஒரு துளி ஏறியிருக்கும். அச்சில் எல்லாப் புள்ளியும் அச்சாக ஒரே மாதிரி, தடவினால் தட்டை.

நாளை தம்பி மனைவியிடம் சொல்லி, இஸ்திரி போடாத துணியை அருகில் வைத்து ஒரு வீடியோ எடுக்க வேண்டும்.

ஜனவரி 29, புதன்

சாயப் பட்டறையிலிருந்து முதல் 8 மீட்டர், அரக்கு, வந்தது. காய்ந்த துணியை முடிச்சோடுதான் கொடுப்பார்கள். பார்க்க முள்ளு முள்ளாக, பலாப்பழத் தோல் மாதிரி இருக்கும். அதைப் பிரிப்பது அம்மாவின் வேலை.

ராத்திரி சாப்பாடு முடிந்து பாத்திரமெல்லாம் கழுவிவிட்டு உட்கார்ந்தார். துணியின் ஒரு பக்கம் கால் விரலில், மறு பக்கம் கையில். சட்டென்று ஒரு இழுப்பு, முடிச்சுகள் படபடவென்று தெறிக்கும். தெறிக்காததை ஒவ்வொன்றாகக் கையால் எடுக்க வேண்டும், கத்தரி பட்டால் துணி போச்சு. அது முடிந்தால் கயிறு முறுக்குவது, நுனியில் மணி கோத்து முடிவது. எல்லாமே அம்மாதான்.

இன்று ஏனோ கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். படுக்கும்போது மணி 12:20.

“எவ்வளவு நேரம் ஆச்சும்மா?”

“நேரமா? சும்மா உட்கார்ந்திருக்கிற நேரந்தானே தாயி.”

ஜனவரி 30, வியாழன்

தூக்கம் வரவில்லை. எழுந்து நோட்டை எடுத்தேன்.

ஒரு பைக்குத் துணி 13, முடிச்சுக் கூலி 31, சாயம் 5, லைனிங் 8, கயிறும் மணியும் 6. மொத்தம் 63. மீதி 27 ரூபாயை லாபம் என்று ஒன்றரை வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் பையை அப்பா தைக்க 20 நிமிடம். முடிச்சுப் பிரிக்க, கயிறு முறுக்க, மணி கோக்க அம்மாவுக்கு 25 நிமிடம். மணிக்கு 60 ரூபாய் என்று மிகக் குறைவாக வைத்தாலும் இரண்டு பேருக்கும் சேர்த்து 45 ரூபாய். ஆக, பையின் அடக்கவிலையே 108. 90-க்குக் கொடுக்கிறேன்.

நான் கணக்கு எழுதி ஆறு வருடம் சம்பளம் வாங்கியவள். எதிர் வீட்டு அக்காவின் கூலி ஒரு ரூபாய் விடாமல் நோட்டில் இருக்கிறது. அம்மாவின் பெயர் அந்த நோட்டில் ஒரு பக்கத்திலும் இல்லை.

பிப்ரவரி 1, சனி

கணக்கைக் காட்டினேன். தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது. “வீட்டுக்குள்ள என்னக்கா கூலி? அம்மா நமக்கு வேலைக்காரங்களா? இப்படிப் பார்த்தா 150-க்குத்தான் விக்கணும், ஒருத்தரும் வாங்க மாட்டாங்க.” கடை கடையாகப் போய் நின்று பேசுகிறவன் அவன். விலை ஏறினால் முதல் அடி அவனுக்குத்தான், அது எனக்கும் புரிகிறது. அம்மாவும் அவன் பக்கம்தான் பேசினார், “எனக்கெதுக்குடா காசு” என்று.

அப்பா மெஷின் மிதியிலிருந்து காலை எடுக்கவில்லை. பாபினில் நூல் தீர்ந்து மாற்றும்போது சொன்னார்: “மண்டபத்துல நமக்குக் காஜா எடுத்த பொம்பளைக்கு, வியாபாரம் இல்லாத வாரத்துலகூட, சனிக்கிழமை சாயங்காலம் எண்ணிக் கையில கொடுத்திருக்கேன். கொடுக்காம வீட்டுக்கு வந்ததில்ல.”

அதற்கு மேல் அவர் பேசவில்லை. தம்பியும் எழுந்து போய்விட்டான்.

புது நோட்டு ஒன்று வாங்கி மெஷின் பக்கத்தில் தொங்கவிட்டேன். பெயர், வேலை, நேரம்.

பிப்ரவரி 4, செவ்வாய்

இன்று ஒரு பெரிய தப்பு நடந்துவிட்டது, தப்பு என்னுடையது.

முடிச்சுப் பிரித்த அரக்குத் துணியை உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, சாயம் விடுவது நிற்கும் வரை அலசி, நிழலில் காயவைத்த பிறகுதான் வெட்ட வேண்டும். எப்போதும் அப்படித்தான் செய்வோம். நாள் நெருங்குகிறதே என்று இந்த முறை கடைசி 3 மீட்டரை அலசாமலே அப்பாவிடம் வெட்டக் கொடுத்துவிட்டேன். பையின் வாய் மடிப்பு படிய, லேசாகத் தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தேன். அடுக்கி வைத்த பிறகு ஒன்றைத் திறந்து பார்த்தால் வெள்ளை லைனிங்கில் ரோஸ் திட்டு. 22 பை.

அழுகை வந்துவிட்டது. அப்பா ஒரு பையை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். தையல் பிரிக்கும் ஊசியை எடுத்தார். “லைனிங்தானே, மாத்திரலாம். மேல்துணிய முதல்ல அலசு.”

பிப்ரவரி 5, புதன்

நாள் முழுவதும் பிரித்தோம். தம்பி மனைவியும் உட்கார்ந்தாள். “மதினி, என் நேரத்தையும் எழுதிக்கவா?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். எழுதச் சொன்னேன். இவ்வளவு நாள் எடுத்த போட்டோவுக்கெல்லாம் நான் எங்கே எழுதினேன்?

பிப்ரவரி 8, சனி

86 முடிந்தது. அக்காவுக்கு மீதிக் கூலி கொடுத்தாயிற்று.

பிப்ரவரி 11, செவ்வாய்

பூசம். மதியத்தோடு மெஷினை மூடிவிட்டு எல்லோரும் தெப்பக்குளம் போனோம். கூட்டத்தில் நிற்கிற இடத்தில் நின்றுகொண்டு அம்மா விரலால் காற்றில் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். அவருக்கே தெரியவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

தம்பி வண்டியில் கட்டிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தான். பெண்ணின் பாட்டி ஒரு பையை வாங்கி அப்போதே இடுப்பில் செருகிக்கொண்டாராம். சொல்லும்போது அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

மீதி 7,800 வந்தது. சாமான், கூலி எல்லாம் 7,560, மாற்றிய லைனிங் 176. கையில் நின்றது 3,064. நியாயப்படி அம்மாவுக்கு 50 மணி நேரத்துக்கு 3,000, அப்பாவுக்கு 40 மணி நேரத்துக்கு 2,400 வர வேண்டும். இருப்பதை நேரத்தின் விகிதத்தில் பிரித்தேன். அம்மாவுக்கு 1,700, அப்பாவுக்கு 1,360. தம்பி மனைவி பிரித்த நேரத்துக்கு என் சேமிப்பிலிருந்து கொடுத்தேன், அந்த வேலையை உண்டாக்கியது நான்தானே.

அம்மா பணத்தை வாங்கி இரண்டு முறை எண்ணினார். வேண்டாம் என்று சொல்வார் என நினைத்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: “போன ஆடியில 300 ஸ்க்ரஞ்சிக்கு எலாஸ்டிக் கோத்தேனே, அது எவ்வளவு வந்திருக்கும்?”

எனக்குப் பதில் சொல்ல முடியவில்லை. அந்த நேரங்களை யாரும் எழுதி வைக்கவில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

திருமங்கலம் கல்யாணத்துக்கு வந்திருந்த ஒருவர் போன் செய்தார். வளைகாப்புக்கு 80 பை வேண்டுமாம். 140 ரூபாய் என்றேன். மறுமுனையில் சத்தமே இல்லை. முன்பெல்லாம் அந்த அமைதியில்தான் பயந்து நானே விலையைக் குறைப்பேன். இன்று முடிச்சு எப்படிப் போடுகிறார்கள், யார் பிரிக்கிறார்கள், எத்தனை மணி நேரம் என்று சொன்னேன். யோசித்துவிட்டு 50 போதும் என்றார்.

“எத்தனை நாள்ல கேக்குறாங்க?” என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்டார்.

“பத்து நாள்.”

“துணி அலசாம வெட்டக் கூடாது. பன்னிரண்டு நாள்னு சொல்லு.”

பன்னிரண்டு என்று சொல்லியிருக்கிறேன்.