வீலா, கேம்பேடா? முதலில் நாற்காலியைப் பாருங்கள்

கார் பந்தய கேம்களுக்கான 28 செ.மீ. விட்டமுள்ள ஸ்டியரிங் வீலை 900 டிகிரி சுழற்சியில் (கோடியிலிருந்து கோடிக்கு இரண்டரைச் சுற்று) வைத்து, நடுவிலிருந்து ஒரு பக்கம் முழுக்கத் திருப்பினால், விளிம்பில் கை கடக்கும் தூரம் ஏறக்குறைய 110 செ.மீ. அதே வேலையைக் கேம்பேடின் ஸ்டிக்கில் கட்டைவிரல் ஏறத்தாழ ஒரே சென்டிமீட்டரில் முடித்துவிடுகிறது.

விரல் சொல்வதை அப்படியே காருக்கு அனுப்பினால் 200 கி.மீ. வேகத்தில் எந்தக் காரும் நேராகப் போகாது. அதனால் கேம் குறுக்கே புகுந்து உதவுகிறது. ஸ்டிக்கை வெடுக்கென்று தள்ளினாலும் சக்கரம் மெல்லத்தான் திரும்பும். வேகம் கூடக் கூடத் திரும்பும் அளவும் குறையும். ஃபோர்ஸா ஹொரைசான் வகை கேம்களில் இந்த உதவி நன்றாகவே பக்குவப்பட்டிருக்கிறது. அதற்கென்று மட்டும் வீல் வாங்குவது, என்னைக் கேட்டால், வீண் செலவு.

நிஜ ஓட்டத்தை நெருங்கப் பார்க்கும் சிமுலேட்டர் கேமான அசெட்டோ கோர்சாவில் கேம்பேடோடு திணறுகிறவர்களும் பணத்தை எடுப்பதற்கு முன் செட்டிங்ஸைத் திறக்கலாம். ஸ்டிக் அசைவு எவ்வளவு திருப்பமாக மாறும் என்பதைச் சொல்லும் காமா ஓர் அடுக்குக் கணக்கு: அடுக்கு 2 என்றால், ஸ்டிக்கைப் பாதி தள்ளும்போது கால் பங்குதான் திரும்பும். நேர்சாலையில் கார் ஆடிக்கொண்டே போனால் காமாவைக் கூட்டுங்கள். வளைவில் கார் தாமதமாகத் திரும்பினால், விரலின் வெடுக்கசைவை மெதுவாக்கும் ஃபில்டரைக் குறையுங்கள். டெட்சோன், அதாவது ஸ்டிக்கின் நடுவில் அசைவைக் கேம் கண்டுகொள்ளாத இடம், கையை எடுத்ததும் கார் தானாக ஒரு பக்கம் இழுக்காத அளவுக்கு இருந்தால் போதும். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றி, ஐந்து லேப் ஓட்டிப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது.

வீல் வாங்கிய மறுநாளே லேப் நேரம் குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள். முதல் சில வாரங்கள் கூடத்தான் செய்யும்; அதுவரை கேம் செய்துகொண்டிருந்த திருத்தங்களை இனி உங்கள் கை செய்ய வேண்டும். பதிலுக்குக் கிடைப்பது தகவல். முன்டயர் பிடி இழக்கத் தொடங்கும்போது வீல் கையில் லேசாகிவிடும், கார் விலகுவதைக் கண் பார்ப்பதற்கு முன்பே. பின்பக்கம் வழுக்கினால் வீலை இறுகப் பிடித்து மல்லுக்கட்டாமல் கைக்குள் சுழல விட்டால், வழுக்கும் திசைக்கு அதுவே ஓடி நிற்கும். கேம்பேடின் அதிர்வு இதைச் சொல்லாது.

இன்னொரு லாபம் பிரேக். கேம்பேடின் ட்ரிக்கரில் ஆள்காட்டி விரலால் முழு பிரேக்கிலிருந்து மெல்ல மெல்ல விடுவது கடினம். காலுக்கு அது சுலபம். லோட்செல் என்ற விசை உணரி உள்ள பெடல், தான் எவ்வளவு தூரம் போகிறது என்பதைவிட எவ்வளவு பலமாக மிதிக்கிறீர்கள் என்பதை அளக்கும். உடம்பு பலத்தைத்தான் நன்றாக நினைவு வைத்துக்கொள்ளும்.

சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. பலமாக மிதித்தால் உருளைக்கால் நாற்காலி பின்னால் ஓடும், பெடல் முன்னால் நகரும். பெடலைச் சுவரோடு முட்டக் கொடுங்கள். நாற்காலியின் நடுத்தண்டையும் பெடல் அடித்தட்டையும் ஒரு பட்டையால் இழுத்துக் கட்டுங்கள்; மிதிக்கும் விசை அந்தப் பட்டையிலேயே அடங்கிவிடும். அவசரத்துக்கு உருளைகளைப் பழைய ஷூக்களுக்குள் இறக்கி வைத்தாலும் போதும், பார்க்கத்தான் சிரிப்பு வரும். இதில் எதற்கும் வழியில்லை, விளையாடி முடித்ததும் எல்லாவற்றையும் கழற்றி அலமாரியில் வைக்க வேண்டும் என்றால் கேம்பேடே போதும். இரண்டு மாதத்தில் வீல் அலமாரியிலேயே தங்கிவிடும்.

மேசையையும் ஆட்டிப் பாருங்கள். பல்சக்கர மோட்டார் உள்ள தொடக்கநிலை வீல்கள் தருவது 2 நியூட்டன் மீட்டர் அளவிலான முறுக்குவிசை. பல்சக்கரம் இல்லாமல் மோட்டார் தண்டிலேயே வீல் பூட்டிய டைரக்ட் டிரைவ் வகையில் பலவும் 5 அல்லது அதற்கு மேல் தரும். அதே 28 செ.மீ. வீலில் அந்த 5 என்பது விளிம்பில் மூன்றரை கிலோவுக்கும் சற்று மேல். மெல்லிய பலகை அதற்கே வளைந்து, மானிட்டர் தலையாட்டும்.

மாட்டியதும் டிரைவர் மென்பொருளிலும் கேமிலும் சுழற்சி டிகிரி ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். திரையில் தெரியும் வீலும் கையில் இருப்பதும் சேர்ந்து திரும்ப வேண்டும். அடுத்து ஃபோர்ஸ் ஃபீட்பேக் கெயின், அதாவது வீல் கைக்குத் தரும் எதிர்விசையின் அளவு. நூறில் வைத்தால் நல்லது என்று நினைத்து வைத்தால், மோட்டாரால் தர முடியாத விசையெல்லாம் ஒரே மட்டத்தில் வெட்டுப்படும், வளைவில் எதுவும் உணர முடியாது. அசெட்டோ கோர்சா திரையில் காட்டும் பெடல் ஆப் என்ற சிறு கட்டத்தில் ஃபோர்ஸ் ஃபீட்பேக் பட்டை நீண்ட வளைவுகளில் சிவப்பாகவே நின்றால் கெயினைக் குறையுங்கள். கர்ப் (பாதை ஓர விளிம்புக்கட்டை) மேல் ஏறும்போது ஒரு நொடி சிவந்தால் பரவாயில்லை.

கன்சோல்காரர்கள் பெட்டியை இரண்டு தடவை படியுங்கள். லாஜிடெக் ஜி29 பிளேஸ்டேஷனுக்கு, ஜி920 எக்ஸ்பாக்ஸுக்கு. மாற்றிப் போட்டால் ஓடாது, கணினியில் இரண்டும் ஓடும். பழையது வாங்கினால் ஒவ்வொரு பெடலையும் மிக மெதுவாக அழுத்தித் திரையில் பட்டையைக் கவனியுங்கள். பட்டை துள்ளினால், பெடலின் அசைவை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டரில் பெரும்பாலும் அழுக்கு. காண்டாக்ட் கிளீனர் அடித்து, ஐம்பது தடவை மிதித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அப்படியும் துள்ளினால் அந்தச் சிறு பாகத்தை மட்டும் மாற்றலாம்.