அப்பாவின் போஸ்டர்களுக்கு ஃபிரேம் போட்ட கதை

அப்பா 1968-லிருந்து 11 வருடம் வத்தலக்குண்டு பக்கம் ஒரு டூரிங் டாக்கீஸில் வேலை பார்த்தவர். டிக்கெட் கிழிப்பது, பஸ்ஸில் வரும் படப்பெட்டியை இறக்கி வருவது, ஊர் ஊராகச் சைக்கிளில் போய் போஸ்டர் ஒட்டுவது எல்லாம் அவர்தான். ஒட்டியது போக மிஞ்சியதை வீட்டுக்குக் கொண்டுவந்து ட்ரங்குப் பெட்டியில் போட்டு வைத்தார். அம்மா வருடா வருடம் பாச்சை உருண்டை மாற்றிக் காப்பாற்றினாள். போன வருடம் மதுரையில் புது வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்தேன். உருப்படியாக இருந்தவை 9. அவற்றில் 3 இப்போது கூடத்தில் தொங்குகின்றன.

முதலில் ஃபிரேம் போடக் கொடுத்த போஸ்டரை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. சாமி படங்களுக்குக் கண்ணாடி போடும் ஒரு கடையில் கொடுத்தேன். தாள் 20-க்கு 30 அங்குலம் என்று சொன்னேன், அவர்களிடமும் 20-க்கு 30-ல் தயார் ஃபிரேம் இருந்தது. சாயங்காலம் போய் வாங்கினால் படம் பளிச்சென்று இருக்கிறது, ஆனால் ஏதோ குறைகிறது. வீட்டுக்கு வந்த பிறகுதான் புரிந்தது. அந்தக் காலத்துத் தாள் கையால் வெட்டியது, சரியான அளவில் இருக்காது. என்னுடையது நீளத்தில் அரை அங்குலம் கூடுதல். "அரை அங்குலம்தானே" என்று அடியில் நறுக்கிவிட்டார்கள். அந்த அரை அங்குலத்தில்தான் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயரும் சிவகாசி என்ற ஊர்ப்பெயரும் இருந்தன. நறுக்கிய துண்டைத் தேடிப் போனேன், கடையைப் பெருக்கித் தள்ளிவிட்டிருந்தார்கள். போஸ்டரை அட்டையில் முழுசாகப் பசை தடவி வேறு ஒட்டியிருந்தார்கள். இனி அதைப் பிரிக்க முடியாது.

அதன் பிறகு ஒரு மாதம் எதையும் தொடவில்லை. அளவுகளைப் பற்றிப் படித்தேன், ஒரு பழைய பிரஸ்காரரிடமும் கேட்டேன். புத்தகம் அச்சடிப்பவர்கள் கிரவுன், டெம்மி என்று இன்றும் சொல்கிறார்கள் இல்லையா, போஸ்டரும் அந்தக் கணக்குத்தான். கிரவுன் தாள் 15-க்கு 20 அங்குலம். இரண்டைச் சேர்த்தால் 20-க்கு 30, அது டபுள் கிரவுன். அதையும் இரண்டாக்கினால் 30-க்கு 40, சுவரில் நாம் பார்த்த பெரிய போஸ்டர். இன்றைய ஏ4, ஏ3 தாள்களை எத்தனை முறை மடித்தாலும் நீள அகல விகிதம் மாறாது. கிரவுன் அப்படி இல்லை. ஒரு அளவில் 3-க்கு 4, அடுத்த அளவில் 2-க்கு 3, மறுபடி 3-க்கு 4. அதனால் ஏ அளவுத் தாள்களுக்காகச் செய்த ஃபிரேம் எதிலும் இவை உட்காராது. பெரிய ஃபிரேமில் போட்டால் ஒரு பக்கம் மட்டும் இடைவெளி பல்லிளிக்கும், சின்னதில் போட்டால் கத்தரிக்கோல் வந்துவிடும். தாளை அளந்து அதற்கென்றே சட்டம் செய்வதுதான் ஒரே வழி.

செல்லூர்ப் பக்கம் ஒரு ஆசாரி கிடைத்தார். போஸ்டரைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டுதான் தொட்டார், அப்போதே எனக்கு நிம்மதி வந்துவிட்டது. "அண்ணே, ஒரு நூல்கூட வெட்டக் கூடாது" என்றேன். "வெட்ட மாட்டேன்மா. நாலு பக்கமும் தனித்தனியா அளந்து எழுதிக் கொடுங்க" என்றார். அளந்தேன். பெரிய போஸ்டரில் மேல் பக்கம் 30, கீழ்ப் பக்கம் 29¾. கண்ணுக்குத் தெரியாத கோணல் அது. நடுவில் ஜன்னல் வெட்டிய மவுண்ட் அட்டை வைத்தால் ஓரம் ஒரு பக்கம் அதிகம் மறையும், ஒரு பக்கம் குறையும். ஆகவே மவுண்ட் ஜன்னல் வேண்டாம், பெரிய அட்டையின் மேல் போஸ்டரை அப்படியே நிற்க வைத்து நாலு ஓரமும் கிழிசலோடு தெரியும்படி செய்வோம் என்று முடிவானது. சுற்றிலும் 2 அங்குலம் விட்டோம், 34-க்கு 44 ஆயிற்று.

அதற்கு முன்னால் மடிப்பை நீவ வேண்டியிருந்தது. படப்பெட்டியோடு பஸ்ஸில் வருவதற்காக அந்தப் போஸ்டரை மூன்று முறை மடித்திருந்தார்கள், 10-க்கு 15 அளவில் ஒரு கட்டு. இஸ்திரி போட்டால் ஒரு நிமிட வேலை என்று பலரும் சொன்னார்கள். செய்யவில்லை. 50 வருடத் தாள் ஏற்கெனவே மொரமொரவென்று இருக்கிறது, சூடு வைத்தால் மடிப்பிலேயே விண்டுபோகும். மேலும் கீழும் மை ஒற்றும் தாள் வைத்து, இரண்டு பிளைவுட் பலகைக்கு நடுவில் போட்டு, மேலே அம்மிக் குழவியை ஏற்றி 3 வாரம் விட்டேன். கோடுகள் போகவில்லை, ஆனால் தாள் படிந்தது. கோடுகள் இருக்கட்டும், அந்தப் போஸ்டர் பஸ்ஸில் வந்ததற்கு அவைதானே சாட்சி.

பசை விஷயத்தில் அப்பாவுக்கு வந்த ஆர்வத்தைச் சொல்ல வேண்டும். அவர் காலத்தில் மைதாவைக் காய்ச்சி அதில் மயில்துத்தம் கலப்பார்கள். பூச்சி வராது, மாடும் போஸ்டரைத் தின்னாது. அருங்காட்சியகங்களில் தாள்களைப் பராமரிப்பவர்கள் பயன்படுத்துவதும் கோதுமைப் பசைதான் என்று சொன்னதும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வித்தியாசம் இதுதான்: அவர்கள் மைதாவிலிருந்து குளூட்டன் என்ற பிசுபிசுப்பான புரதத்தை நீக்கி வெறும் மாவுச்சத்தை மட்டும் எடுத்துக் காய்ச்சுகிறார்கள். ஈரம் காட்டினால் தாளுக்குச் சேதமில்லாமல் விட்டுக்கொடுத்துவிடும். பொடியாக வாங்கினேன், அப்பாவே அடுப்பில் வைத்துக் கிண்டினார். 81 வயதில் கட்டி தட்டாமல் கிண்டினார். ஜப்பான் மெல்லிய தாளைச் சின்னச் சின்னத் துண்டாகக் கிழித்து, ஒவ்வொரு துண்டிலும் பாதியைப் போஸ்டரின் பின்பக்கம் மேல் ஓரத்திலும் மீதியை அமிலமில்லாத அட்டையிலும் ஒட்டினோம். மேலே 5 இடம், அவ்வளவுதான். கீழே எதுவும் ஒட்டவில்லை. ஐப்பசி மழையில் தாள் கொஞ்சம் விரியும், சித்திரையில் சுருங்கும். எல்லாப் பக்கமும் ஒட்டினால் அது அலை அலையாக எழும்பிவிடும்.

முன்பக்கம் கண்ணாடியா, ஆக்ரிலிக்கா என்ற கேள்வி வந்தது. இந்த அளவுக்கு 3 மில்லிமீட்டர் கண்ணாடி மட்டுமே 7 கிலோவுக்கு மேல் வரும். ஆக்ரிலிக் அதில் பாதிக்கும் குறைவு, விழுந்தாலும் சில்லு தாளைக் கிழிக்காது. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ரகம் வாங்கினேன், மரத்தைவிட அதற்குத்தான் அதிகம் செலவானது. ஒன்றை ஞாபகம் வைக்க வேண்டும்: கண்ணாடி துடைக்கும் நீலத் திரவத்தை அதில் அடிக்கக் கூடாது, மங்கிவிடும். ஈரப் பருத்தித் துணி போதும். கண்ணாடியோ ஆக்ரிலிக்கோ, தாளைத் தொடவும் கூடாது. தொட்டால் மழைக்காலத்தில் மை அதிலேயே ஒட்டிக்கொள்ளும். ஆசாரி உள் ஓரத்தில் கால் அங்குல மரச்சில்லு வைத்து இடைவெளி கொடுத்தார். பின்னால் ராமபாணப் பூச்சி நுழையாதபடி பிரவுன் தாள் ஒட்டி மூடினார். சுவருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே காற்று போக 4 மூலையிலும் ரப்பர் குமிழ் வைத்தார்.

எங்கே மாட்டுவது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பழைய சலூன் கடைகளில் வெயில் படும் போஸ்டர்களைப் பார்த்திருப்பீர்கள். சிவப்பும் மஞ்சளும் போய் முகமெல்லாம் நீலமாக நிற்கும். தடுப்பு ஆக்ரிலிக் போட்டாலும் வெளிச்சம் வெளிச்சம்தான். மேற்குச் சுவர் வேண்டாம், ஓதம் ஏறும் குளியலறைச் சுவரும் வேண்டாம். ஜன்னலுக்குப் பக்கவாட்டில் இருக்கும் உள்சுவரில் இரண்டு கொக்கி அடித்து மாட்டினோம்.

எனக்கு மிகவும் பிடித்தது அந்தப் பெரிய போஸ்டர் இல்லை. "இன்றே இப்படம் கடைசி" என்ற பட்டைச் சீட்டுதான். 5 அங்குல அகலம், 30 அங்குல நீளம். ஒரு டபுள் கிரவுன் தாளை நீளவாக்கில் நாலாக வெட்டினால் வரும் அளவு. ரோஸ் நிறத் தாளில் மரக்கட்டை எழுத்தில் அச்சடித்தது. "கடைசி"யின் "டை" மற்ற எழுத்துகளைவிடக் கொஞ்சம் மேலே ஏறி நிற்கிறது. பக்கத்தில் போய்ப் பார்த்தால் அந்த எழுத்தில் மரத்தின் ரேகை வெள்ளைக் கோடுகளாகத் தெரியும், மை பிடிக்காத இடம். இப்படி ஒரு ஃபிரேம் ஆசாரி செய்ததே இல்லையாம். மெல்லிய சட்டம் வைத்தால் நீளத்தில் வளையும் என்று ஒரு அங்குல தேக்குச் சட்டம் போட்டார். கூடத்திலிருந்து உள்ளே போகும் நிலைக்கு மேலே அது கச்சிதமாக உட்கார்ந்தது.

அப்பா முதல் நாள் அதன் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். "இதை ஒட்டுற அன்னைக்குத்தான் தாயி கூட்டம் அள்ளும். தரை டிக்கெட்டுக்கு மண்ணைக் குவிச்சு உக்காருவாங்க" என்றார்.

மூன்றாவது, அந்த நறுக்கிய போஸ்டர். அதை ஃபிரேமை விட்டு எடுக்கவில்லை. அச்சகத்தின் பெயர் அப்பாவுக்கு ஞாபகம் இருந்தது, பென்சிலால் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறேன்.

அடுத்தது ஒரு பாட்டுப் புத்தகம். நாலாக மடித்த ஒற்றைத் தாள், இரண்டு பக்கமும் அச்சு. இரண்டு ஆக்ரிலிக் தகட்டுக்கு நடுவில் வைத்தால் இரு பக்கமும் தெரியும், ஆசாரியிடம் பேசியும் விட்டேன். ஆனால் அப்பா கொடுக்க மறுக்கிறார். ராத்திரி சாப்பிட்ட பிறகு கண்ணாடி போட்டுக்கொண்டு அதைப் பிரித்து வைத்துப் பாடுகிறார். இப்போதைக்கு அது அவர் தலையணைக்கு அடியில் இருக்கிறது.