இன்ஜின் ஓடும்வரை

"தம்பி, 5 நாள் தாங்குமா?"

"தாங்கும் அண்ணே. இன்ஜின் ஓடும்வரை கவலையில்லை."

கேட்டவர் கடலுக்குக் கிளம்பிய ஒரு விசைப்படகின் டிரைவர். கேட்டது நான் ஏற்றிக் கொடுத்த பேட்டரிகளைப் பற்றி. இவ்வளவுதான் பேச்சு. நான் சொன்னதில் பொய் ஏதும் இல்லை. ஆனால் "தாங்கும்" என்பதை முதலில் சொல்லி, நிபந்தனையைப் பின்னால் சொன்னேன். அந்தப் பின்பாதி அவர் காதில் விழுந்ததா என்பது இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. முதல் சொல்லைக் கேட்டதுமே திரும்பிப் பலகையில் கால் வைத்துவிட்டார் என்று ஒரு நாள் தோன்றுகிறது. இல்லை, நின்று தலையாட்டிவிட்டுத்தான் போனார் என்று மறுநாள் தோன்றுகிறது.

மீன்பிடித் தடைக்காலம் முடியும் இரவு நாகப்பட்டினம் துறைமுகம் எப்படி இருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 61 நாள் கட்டிக்கிடந்த விசைப்படகுகள் ஜூன் 14 நள்ளிரவுக்குக் காத்திருக்கும். பேட்டரிக் கடைக்காரனுக்கு அந்த வாரம் தூக்கம் கிடையாது. பேட்டரி சும்மா கிடந்தாலும் தானாக இறங்கும். இறங்கியபடியே இரண்டு மாதம் கிடந்தால் ஈயத் தட்டுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். ஏப்ரலிலேயே கழற்றிக் கொண்டுவந்து தாருங்கள், மாதம் ஒரு முறை ஏற்றி வைக்கிறேன் என்று வருடாவருடம் சொல்கிறேன். வந்து சேர்வதோ ஜூன் 12. நிதானமாக 10, 12 மணி நேரம் ஏற்ற வேண்டியதை பூஸ்டில் போட்டு மூன்று மணி நேரத்தில் தூக்கிக் கொடுப்பேன். அந்தப் படகின் இரண்டு பேட்டரிகளையும் அப்படித்தான் கொடுத்தேன்.

கொடுக்கும் முன் ஒரு மணி நேரம் ஆறவிட்டு அளந்தேன். அதைச் செய்யாமல் இருந்திருந்தால் இன்று நிம்மதியாக இருந்திருப்பேனோ என்னவோ. ஒன்று 12.6 வோல்ட், மற்றது 12.2. அரை வோல்ட்கூட இல்லாத வித்தியாசம்தான். ஆனால் ஈய பேட்டரியில் 12.6 என்றால் நிறைகுடம், 12.2 என்றால் அரைக்குடம். ஹைட்ரோமீட்டரில் ஆசிட்டை உறிஞ்சி அதன் அடர்த்தியைப் பார்த்தேன். நல்ல பேட்டரியில் ஆறு செல்லும் 1.260-ஐ ஒட்டி நின்றன. மற்றதில் ஒரு செல் 1.180.

ஒரே நாளில் வாங்கிய ஜோடியில் ஒன்று மட்டும் ஏன் இப்படிக் கெட்டது? என் கைவேலைதான். செல்ஃப் மோட்டாருக்கு 24 வோல்ட் வேண்டும் என்பதால் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராகக் கோத்திருக்கிறோம். வயர்லெஸ், ஜிபிஎஸ், விளக்கு, ஆளுக்கொரு செல்போன் எல்லாமே 12. அதனால் கீழ்ப் பேட்டரியிலிருந்து (தொடரில் நெகட்டிவ் முனைப் பக்கம் இருப்பது; மற்றது மேல் பேட்டரி) மட்டும் தனியாக ஒரு வயர் இழுத்துக் கொடுத்துவிடுவோம். துறைமுகத்தில் நான் பார்த்த படகுகளில் பாதிக்கு மேல் இப்படித்தான். கீழது நாளெல்லாம் உழைத்து இறங்கும். இன்ஜின் ஓடும்போது பேட்டரியை ஏற்றும் ஆல்டர்னேட்டருக்கு இது தெரியாது. அது இரண்டையும் ஒன்றாகவே பார்த்து 28 வோல்ட் தரும். மேலது 14.6 வரை ஏறிக் கொதித்துத் தண்ணீர் வற்றும், கீழது 13.4-இலேயே நின்று அரைவயிற்றோடு கிடக்கும். டிரைவர் பார்க்கும் மீட்டரில் எப்போதும் 28. கூட்டிப் பார்த்தால் கணக்கு சரியாக இருக்கும், பங்கில்தான் கோளாறு.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. 24-ஐ 12 ஆக்கிக் கொடுக்கும் கன்வெர்ட்டர் போடலாம். அல்லது விளக்குக்கும் வயர்லெஸ்ஸுக்கும் தனியாக ஒரு பேட்டரி வைக்கலாம். (சோலார் போடக்கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. 100 வாட் பலகை உச்சி வெயிலில் 5, 6 ஆம்பியர் தரும். பாதி நாள் கொடிமரத்து நிழல் அதன் மேல்தான். அதுவும் பகலில், எப்படியும் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில்.) அன்று மாலையே முதலாளியிடம் போனில் சொன்னேன். ஒரு பேட்டரி சரியில்லை, மாற்றிவிடுங்கள் என்றேன். "இந்தத் தங்கல் போய் வரட்டும் தம்பி, மீன் விற்ற காசில் இரண்டையும் புதிதாகப் போடுவோம்" என்றார். இரண்டு மாதம் வருமானம் இல்லாத மனிதர். டீசலும் ஐஸும் கடனில் ஏறியிருந்தன. அதற்கு மேல் நான் என்ன சொல்வது? படகும் பணமும் அவருடையவை, முடிவும் அவருடையது. இந்த நியாயத்தைப் பலமுறை எனக்கு நானே சொல்லியிருக்கிறேன். ஆனால் கடலில் படுத்துத் தூங்கப் போகிறவர் முதலாளி இல்லை. தூங்கப் போகிறவர்தான் என்னிடம் கேட்டார், தாங்குமா என்று.

தாங்காது என்று சொல்லியிருந்தால் அவர் என்ன செய்திருப்பார்? கிளம்பித்தான் இருப்பார். ஆட்கள் ஏறிவிட்டார்கள், முதல் நாள் மீனுக்குத்தான் விலை. இந்த எண்ணம் எனக்கு ஆறுதல். கூடவே, சொல்லியிருந்தால் இன்ஜினை நிறுத்தும்போது ஒருமுறை யோசித்திருப்பாரே என்றும் தோன்றும். அங்கே ஆறுதல் முடிந்துவிடும்.

மூன்றாம் இரவு, படகைத் தள்ளும் விசிறியில் வலை சுற்றிக்கொண்டது. இன்ஜினை நிறுத்திவிட்டு, ஆள் இறங்கி அறுத்தெடுக்க மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. அவ்வளவு நேரமும் எல்லா விளக்குகளும் எரிந்தன. தண்ணீருக்குள் ஆள் இருக்கும்போது விளக்கை அணைக்கவா முடியும்? வேலை முடிந்து சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். செல்ஃப் எடுக்கவில்லை. அடித்ததோ மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று. அது படகைக் கரையைவிட்டு வெளியேதான் தள்ளும்.

என்னைத் தூங்கவிடாதது அதற்குப் பிறகு நடந்தது. வயர்லெஸ்ஸில் மற்ற படகுகள் பேசுவது இவர்களுக்குக் கேட்டிருக்கிறது. கேட்பதற்கு ஒரு ஆம்பியர்கூட வேண்டாம். பேச 5, 6 ஆம்பியர் வேண்டும். பட்டனை அழுத்தியதும் வோல்ட் சரிந்து பெட்டியே அணைந்துவிடும். விட்டால் மறுபடி எரியும், மறுபடி அடுத்தவன் பேச்சு கேட்கும். விடியும்வரை இப்படி. பக்கத்திலேயே, ஒரு முழம் தள்ளி, மேல் பேட்டரி கிட்டத்தட்ட நிறைகுடமாக இருந்தது. வயர்லெஸ்ஸின் இரண்டு வயர்களையும் கழற்றி, சிவப்பும் கறுப்பும் மாறாமல் அதில் மாட்டியிருந்தால் போதும். இரண்டு நிமிட வேலை. அது முடியும் என்று அந்தப் படகில் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். நான் சொன்னதில்லை. கேட்காததைச் சொல்வது என் பழக்கம் இல்லை.

காலையில் அந்த வழியாக வந்த படகு ஒன்று கயிறு போட்டு இழுத்து வந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஐஸ் உருகி மீன் கெட்டது.

டிரைவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். இரண்டு நாள் கழித்துக் கடைக்கு வந்தார். பெஞ்சில் உட்கார்ந்து தேநீர் குடித்தார். எழுந்து போகும்போது, "இன்ஜின் ஓடும்வரை என்று நீ சொன்னது சரிதான் தம்பி" என்றார். ஆக, கேட்டிருக்கிறார். அல்லது அந்த இரவில் உட்கார்ந்து யோசித்ததில் நினைவுக்கு வந்திருக்கிறது. குத்தலா, என்மேல் தப்பில்லை என்றாரா? முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள எனக்குத் துணிச்சலும் இல்லை.

இப்போதும் ஒற்றைப் பேட்டரியிலிருந்துதான் வயர் இழுத்துக் கொடுக்கிறேன். நான் முடியாது என்றால் அடுத்த கடைக்காரன் செய்வான். போன வாரம் ஒரு படகில் வேலை முடித்துவிட்டு, பேட்டரிப் பெட்டியின் மூடியில் பெயின்ட்டால் எழுதினேன்: 'வயர்லெஸ் நின்றால் வயரை மேல் பேட்டரிக்கு மாற்றவும்.' அந்த டிரைவருக்குக் கோபம் வந்துவிட்டது. "கடலுக்குக் கிளம்பும்போது இதென்ன அபசகுனம்? அழி முதலில்" என்றார். டீசலில் துணியை நனைத்துத் துடைத்துக் கொடுத்தேன். எந்த வயரை எப்படி மாற்றுவது என்று வாயால் ஒருமுறை சொன்னேன். அவர் ஐஸ் கட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.