பெரியம்மாவின் கையெழுத்து

2025 ஜூன் 3, செவ்வாய்

தங்கச்சியின் மகள் கயலுக்கு டொன்சில் வெட்ட வேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். படிவத்தை எடுத்துக் கையெழுத்து வைக்கப் போனேன். “நீங்கள் அம்மாவோ?” என்று கேட்டார் தாதி. பெரியம்மா என்றேன். “அப்ப அம்மாவோ அப்பாவோ வரவேணும். இல்லையெண்டால் கோட்ஸ் கடிதம் ஏதும் இருக்கோ?” அவரில் பிழை சொல்ல மாட்டேன், பிள்ளையின் உடம்பு விஷயம். அவசரமில்லை என்பதால் திகதியைத் தள்ளிப் போட்டார்கள்.

தங்கச்சி குவைத்துக்குப் போனது 2019இல். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் தாயை வீட்டுவேலைக்கு அனுப்பமாட்டார்கள் என்ற காலம் அது. கயலுக்கு அஞ்சு முடியும் மட்டும் பொறுத்திருந்துதான் ஏறினாள். குடும்பப் பின்னணி அறிக்கையில் பிள்ளையைப் பார்ப்பவர் என்று என் பெயரை எழுதினார்கள். 2022இல் அந்த அறிக்கை முறையையே எடுத்துவிட்டார்கள். எப்படியும் அது வெளிநாட்டுப் பயணத்துக்கான கடிதம். அதை வைத்து நான் சட்டப்படி பாதுகாவலர் ஆகிவிட முடியாது.

ஜூன் 5, வியாழன்

திருகோணமலைப் பட்டணமும் சூழலும் பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை உத்தியோகத்தரைப் பார்த்தேன். மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கச் சொன்னார், சட்ட உதவி ஆணைக்குழுவுக்கும் வழி காட்டினார். வெளியே வரக் கச்சான் காற்று முகத்தைச் சுட்டது.

இரவு தங்கச்சிக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், “அக்கா, நான் எழுதித் தந்தால் கயல் உங்கட பிள்ளையாயிடுவாள். பிறகு நான் ஆர்?” என்று அழுதாள். எனக்கு வாயடைத்துப் போயிற்று. ஆறு வருசமாக மற்றவர் வீட்டுக் குசினியில் நின்று உழைக்கிறது அந்தப் பிள்ளைக்காகத்தானே.

ஜூன் 9, திங்கள்

சட்ட உதவி ஆணைக்குழுவில் ஒரு பெண் சட்டத்தரணி. தங்கச்சியின் பயத்தைத்தான் முதலில் கேட்டேன்.

அந்தப் பயம் மகவேற்புக்கு, அதாவது தத்தெடுப்புக்குப் பொருந்தும் என்றார். 1941ஆம் ஆண்டின் மகவேற்புக் கட்டளைச் சட்டப்படி கட்டளை பிறந்தால், பெற்றவர்களின் உரிமையும் கடமையும் அத்தோடு அறுந்துவிடும். பிள்ளை எடுத்தவர்களுக்கே பிறந்தது போல. பாதுகாவலர் கட்டளை அப்படி எதையும் அறுக்காது. பிள்ளையை வைத்திருக்கவும் படிப்பு, வைத்தியம் பார்க்கவும் எனக்கு அதிகாரம் வரும், அவ்வளவுதான். தாய் தாயாகவே இருப்பாள். வந்து பார்க்கலாம், பேசலாம். நிலைமை மாறினால், ஊரோடு வந்துவிட்டால், கட்டளையை மாற்றச் சொல்லி அதே நீதிமன்றத்தில் கேட்கலாம். கயலுக்கு 18 ஆனதும் தானாகவே முடிந்துவிடும். அவள் பெயரில் அப்பப்பா எழுதிய நிலாவெளிக் காணித் துண்டைக்கூட நீதிமன்ற அனுமதி இல்லாமல் என்னால் விற்க முடியாது. அதைக் கேட்டு எனக்கே நிம்மதி.

அடுத்ததுதான் கசப்பு. கயலின் அப்பா. மூன்று வருசமாக ஒரு சதம் தரவில்லை, ஒரு கோல் இல்லை. ஆனால் அவருக்கும் அறிவித்தல் போகவேண்டுமாம். ஒல்லாந்தர் இங்கே கோட்டையை மட்டுமா விட்டுப் போனார்கள், சட்டத்தையும் விட்டுப் போனார்கள்: உரோமன் ஒல்லாந்துச் சட்டத்தில், திருமணத்தில் பிறந்த பிள்ளைக்குத் தகப்பன்தான் முதல் இயற்கைப் பாதுகாவலர். அவர் இறந்தால்தான் தாய். இதை நான் ஏற்கமாட்டேன்; சுமந்து பெற்று, கடல் கடந்து உழைப்பவளை இரண்டாமிடத்தில் வைக்கும் சட்டம் மாறவேண்டும். இன்றைக்கு நீதிமன்றங்கள் பிள்ளையின் நலனையே பெரிதாகப் பார்க்கின்றன என்றார் சட்டத்தரணி. சரி, அதை நம்பித்தான் போகிறோம்.

செலவுப் பொறுப்பும் அவரை விட்டுப் போகாது. 1999ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டத்தில் நீதவான் நீதிமன்றத்தில் தனியாகக் கேட்கலாம். பிள்ளையை நான் வைத்திருக்கிறேன் என்று அவர் கழன்றுகொள்ள முடியாது.

ஜூன் 13, வெள்ளி

தங்கச்சிக்கு லீவு நாள். எல்லாவற்றையும் ஆறுதலாகச் சொன்னேன். “மகவேற்பு இல்லையே? வடிவாக் கேட்டனீங்களோ?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். போனை கயலிடம் கொடுத்தேன். “அம்மா, நீங்க கையெழுத்து வையுங்கோ, எனக்குச் சாப்பாடு விழுங்க நோகுது” என்றாள் அவள். தங்கச்சி சரி என்றாள்.

ஆனால் இரண்டு விஷயம் மனுவில் எழுதவேண்டுமாம்: அவள் விடுமுறையில் வரும் நாளெல்லாம் கயல் அவளோடுதான், ஒவ்வொரு வெள்ளியும் பேசவேண்டும், என்ன சோதனை வந்தாலும். நான் ஓம் என்று வாயால் சொன்னதோடு விடவில்லை, எழுதியே கொடுத்தேன். தன் சம்மதத்தைச் சொல்லும் சத்தியக்கடதாசியை அங்குள்ள நம் தூதரகத்தில் ஒப்பமிட்டு அனுப்புவாள்.

கயலின் அப்பாவுடைய இப்போதைய முகவரிதான் மிச்சம். அவருடைய அக்கா மூதூரில் இருக்கிறார். திங்கட்கிழமை காலை பஸ்ஸில் போய்க் கேட்கப் போகிறேன்.