ஸ்டீயரிங் மாற்றிய ஜூன்

ஜூன் 7, சனி

இன்று ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு இறங்கியபோது இரண்டு உள்ளங்கைகளும் கரி அள்ளியவன் கைபோல இருந்தன. பன்னிரண்டு ஆண்டு வெயிலும் என் வியர்வையும் சேர்ந்து ஸ்டீயரிங்கின் மேல்தோலைப் பிசினாக்கிவிட்டன. வலப்பக்கம் உரிந்து, உள்ளே இருக்கும் நுரை எட்டிப் பார்க்கிறது. மேலே ஓர் உறை மாட்டிப் பார்த்தேன். உறை கையோடு சுழல்கிறது, சக்கரம் தன் பாட்டுக்கு நிற்கிறது. திருப்பத்தில் இது விளையாட்டல்ல என்று கழற்றி எறிந்தேன்.

அத்தானுக்குத் தொலைபேசியில் சொன்னேன். இருபது ஆண்டு பட்டறை நடத்தி ஓய்ந்தவர். "கழற்றி மாட்டுவது அரை மணி நேர வேலைதான் மாப்பிள்ளை. நடுவில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறாரே, அவரைக் கோபப்படுத்தாமல் எழுப்பி உட்கார வைப்பதுதான் பாடு" என்றார். நடுவில் உட்கார்ந்திருப்பவர் ஏர்பேக்.

ஜூன் 8, ஞாயிறு

நாள் முழுக்கப் படிப்பு. படிக்கப் படிக்க அந்தச் சக்கரத்தின் அருகில் போகவே கால் கூசுகிறது.

பை என்றவுடன் காற்றடைத்த பலூன் ஒன்று மடித்து வைக்கப்பட்டிருப்பதாகவே நினைத்திருந்தேன். மடித்திருப்பது வெறும் நைலான் துணி. காற்று அங்கே இல்லை, காற்றை உண்டாக்கும் வெடிபொருள்தான் இருக்கிறது. மோதலை உணர்ந்த கணினி ஒரு சிறு மின்சாரத்தை அனுப்புகிறது. தீமூட்டி பற்றுகிறது, வில்லைகள் எரிந்து வாயுவாகின்றன, பை விரிகிறது. எல்லாம் ஒரு நொடியில் முப்பதில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். கண் சிமிட்டவே இதைவிட அதிக நேரம் பிடிக்கும்.

அமெரிக்காவில் 1953இல் இதற்குக் காப்புரிமை வாங்கியவர் ஜான் ஹெட்ரிக். முந்தைய ஆண்டு மனைவி, மகளோடு போகும்போது சாலையில் கிடந்த பாறைக்கு விலகிப் பள்ளத்தில் இறங்கியிருக்கிறார். அந்தக் கணத்தில் அவரும் மனைவியும் யோசிக்காமல் கையை நீட்டி நடுவில் இருந்த குழந்தையை மறித்தார்களாம். அந்தக் கைக்குப் பதிலாக ஒரு பொருள் வேண்டும் என்று வீட்டுக்குப் போய் வரைய உட்கார்ந்துவிட்டார். அவர் நம்பியது அழுத்தி அடைத்த காற்றை. அந்த வேகம் போதாது என்று தெரிந்து, வெடிபொருளுக்கு மாறி, ஓட்டுநர் பையும் இருக்கைப் பட்டையும் சேர்ந்து வேலை செய்யும் ஏற்பாட்டை மெர்சிடிஸ் பென்ஸ் தன் எஸ் கிளாஸ் காரில் 1981இல் கொடுக்கும்வரை கிட்டத்தட்ட முப்பது ஆண்டு ஓடிவிட்டது.

ஏர்பேக் தயாரித்த ஜப்பானிய நிறுவனமான தக்காட்டாவின் விவகாரத்தையும் படித்தேன். அம்மோனியம் நைட்ரேட்டை எரிபொருளாக வைத்து, பையை வாயுவால் நிரப்பும் அதன் ஊதிகள், ஆண்டுக்கணக்கில் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் கிடந்து கெட்டு, விரியும்போது உலோகக் கூட்டையே சிதறடித்தன. காக்க வந்தது சில்லுகளை எறிந்து ஆளைக் கொன்றது. கோடிக்கணக்கான வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன, 2017இல் நிறுவனம் திவாலானது. என் வண்டிக்கும் பன்னிரண்டு வயது. இரவு பத்து மணிக்கு டார்ச்சோடு போய் வண்டியின் சேஸிஸ் எண்ணைக் குறித்து வந்து, தயாரிப்பாளரின் திரும்ப அழைப்புப் பட்டியலில் தட்டிப் பார்த்தேன். இல்லை. அதன்பிறகுதான் தூக்கம்.

ஜூன் 10, செவ்வாய்

பழைய வண்டி ஒன்றிலிருந்து கழற்றிய, தோல் கெடாத ஸ்டீயரிங் வந்து சேர்ந்தது. அதே மாடல், அதே காலத் தயாரிப்பு. விற்றவர் ஏர்பேக்கையும் சேர்த்துத் தருவதாகச் சொன்னார், வேண்டாம் என்றுவிட்டேன். எங்கே கிடந்தது, நனைந்ததா, ஒருமுறை வெடித்ததைத் தைத்து மூடியதா என்று வெளியே பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை 2012இல் போலி ஏர்பேக்குகளைச் சோதித்தபோது சில விரியவே இல்லை, சில உலோகத் துண்டுகளைத் துப்பின. என் பை என் கண்முன் கிழமானது. அதையே மாற்றி வைக்கப் போகிறேன்.

பின்புறத் துளைகள், கம்பிக் கொக்கிகள், நடுப் பல்வரிசை எல்லாம் பொருந்துகின்றன.

ஜூன் 14, சனி

முடித்துவிட்டேன். விரல் பத்தும் இருக்கிறது. நடந்ததை வரிசையாகவே எழுதி வைக்கிறேன்.

முன்சக்கரங்களை நேராக நிறுத்தி, சாவியை எடுத்து, பேட்டரியின் எதிர்மின் முனையைக் கழற்றி, அது துள்ளிப்போய் ஒட்டிக்கொள்ளாமல் துணி சுற்றினேன். உடனே கை வைக்கக் கூடாது. மோதலில் பேட்டரி நசுங்கினாலும் பை விரிய வேண்டும் என்பதற்காகக் கணினிக்குள் ஒரு மின்தேக்கி கொஞ்சம் மின்சாரத்தைப் பதுக்கி வைத்திருக்கும். என் வண்டிக் கையேடு மூன்று நிமிடம் காத்திருக்கச் சொல்கிறது. நான் அரை மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். வெட்கமில்லை.

சக்கரத்தின் பின்னால் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு துளைகள். மெல்லிய திருப்புளியை விட்டு உள்ளே இருக்கும் வில்கம்பியை அழுத்தினால் ஹாரன் மூடி முன்னால் நகர்கிறது. அதுதான் ஏர்பேக், மூடியும் அதுவும் ஒரே உடம்பு. பின்னால் இரண்டு மஞ்சள் இணைப்பிகள். முதலில் பூட்டுநாக்கைத் தூக்க வேண்டும், பிறகே இழுக்க வேண்டும். இழுத்தவுடன் உள்ளே ஒரு சிறு உலோகத் தகடு இரண்டு முனைகளையும் சேர்த்துக்கொள்கிறது. நம் உடம்பின் நிலைமின்சாரம் போய்த் தீமூட்டியைத் தட்டி எழுப்பாமல் இருக்க அந்த ஏற்பாடு. இதை யோசித்தவர் நிம்மதியாகத் தூங்குபவராக இருக்க முடியாது.

பையைத் தூக்கிப் போகும்போது மூடி உடம்புக்கு எதிர்ப்புறமாக இருக்க வேண்டும். மேசையில் முகம் மேலே பார்க்க வைக்க வேண்டும், மேலே எதுவும் வைக்கக் கூடாது. கவிழ்த்து வைத்து அது விரிந்தால் துணி மேசையை உதைக்கும், இரும்புக் கூடு கூரைக்குப் பறக்கும். வாசலிலிருந்து மேசைவரை ஏழு அடி. எண்ணெய்க் குடம் சுமப்பவன்போல நடந்தேன்.

பிறகு பத்தொன்பது எண் நட்டு. முழுவதும் கழற்றாமல் நான்கைந்து மரைகளில் நிறுத்தி, சக்கரத்தை இரு கையாலும் இட வலமாக ஆட்டினேன். பத்து ஆட்டத்துக்கு அசையவில்லை, பதினோராவதில் திடீரென்று வந்து நட்டில் முட்டி நின்றது. நட்டு இல்லையென்றால் முன்பல்லில் முட்டியிருக்கும். தண்டில் வெள்ளைப் புள்ளி ஒன்று வைத்து, பழைய சக்கரத்தில் அதற்கு நேரான பல்லை எண்ணி, புதியதிலும் அதே பல்லில் அடையாளமிட்டேன். கம்பிகளைத் துளைவழியே பதமாக வெளியே விட்டதும் சக்கரம் கையில்.

அடியில் வட்டமான கறுப்புப் பெட்டி, தூசி படிந்து. கிளாக் ஸ்பிரிங் என்கிறார்கள். சக்கரம் சுழன்றாலும் ஏர்பேக்குக்கும் ஹாரனுக்கும் மின்சாரம் அறுபடாமல் போக உள்ளே ஒரு நாடா சுருண்டிருக்கும். துணியால் துடைத்தேன். துடைக்கும்போது மெத்தென்று சுழன்றது, வெண்ணெய்போல. சும்மா இப்படியும் அப்படியும் சுற்றிப் பார்த்தேன். மறுபடி அம்புக்குறிகளை நேராக்கி வைத்தேன்.

மற்றதெல்லாம் தலைகீழ் வரிசை. நட்டை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சில் ஐம்பது நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினேன். பேட்டரியை இணைத்து, சாவியை வண்டிக்குள் உட்காராமல் பக்கத்துக் கதவு வழியாகக் கையை நீட்டித் திருப்பினேன். சிவப்பு ஏர்பேக் விளக்கு ஆறு நொடி எரிந்து அணைந்தது. ஹாரன் அடித்தது.

ஜூன் 15, ஞாயிறு

ஓட்டினேன். கை சுத்தம். நேர்ச்சாலையில் சக்கரம் நேராக நிற்கிறது.

ஜூன் 18, புதன்

குறுகலான இடத்தில் வண்டியைத் திருப்ப ஸ்டீயரிங்கை இடப்பக்கம் கடைசிவரை ஒடித்தேன். உள்ளே எங்கோ காகிதம் கிழிகிற மாதிரி ஒரு சத்தம். பெரிய சத்தம்கூட இல்லை. ஏர்பேக் விளக்கு எரிந்தது, அணையவில்லை. ஹாரன் ஊமை.

போன வாரம் முழுக்க இது வெடித்துவிடுமோ என்று பயந்தவன், இன்று வெடிக்காமல் போய்விடுமே என்று பயந்துகொண்டு நாற்பதில் ஊர்ந்து வீடு வந்தேன். விளக்கு எரியும்போது அந்தப் பை இருக்கிறது என்று எண்ணி ஓட்டக் கூடாது. இருக்கைப் பட்டை மட்டுமே துணை.

ஜூன் 19, வியாழன்

அத்தான் வந்தார். வண்டியின் கோளாறைப் படிக்கும் கருவியைச் செருகியதும் ஓட்டுநர் ஏர்பேக் சுற்றில் மின்தடை அதிகம் என்று காட்டியது. நான் மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு ஏர்பேக்கை நோக்கிப் போனதைப் பார்த்து, என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "அதன் தீமூட்டி இரண்டு மூன்று ஓம்தான். மீட்டர் அனுப்புகிற மின்சாரமே அதற்குத் தீக்குச்சி ஆகலாம். ஏர்பேக்கை எந்தக் காலத்திலும் மீட்டரால் தொடாதீர்கள்."

பேட்டரியைக் கழற்றிக் காத்திருந்து, பையை எடுத்து வைத்துவிட்டு, கிளாக் ஸ்பிரிங்கை இரு முனையிலும் பிரித்து அதை மட்டும் அளந்தார். தொடர்ச்சி இல்லை. நாடா அறுந்திருக்கிறது.

"சனிக்கிழமை இதைச் சுற்றினீர்களா?"

"கொஞ்சம்."

"சுழலாதபடி டேப் ஒட்டி வையுங்கள் என்று சொன்னேனே?"

சொல்லியிருந்தார். ஏர்பேக்குக்குப் பயந்த பயத்தில் அது காதில் ஏறவில்லை.

பிறகு ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். என் வண்டியில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஸ்டீயரிங் மூன்றேகால் சுற்று. நடுவிலிருந்து ஒரு பக்கத்துக்கு ஒன்றரைக்குச் சற்று மேல். பெட்டிக்குள் சுருண்டிருக்கும் நாடா நடுவிலிருந்து ஒரு பக்கத்துக்கு இரண்டரைச் சுற்று தாங்கும். தாராளமான இடம்தான். ஆனால் அம்புக்குறி ஒவ்வொரு முழுச் சுற்றுக்கும் நேராக வந்து நிற்கும். நான் அதை ஒரு சுற்று தள்ளி வைத்து, நேராக இருக்கிறது என்று நம்பிவிட்டேன். ஒன்றரைக்கு மேலே இன்னொரு ஒன்று. இரண்டரையைத் தாண்டிவிட்டது. வலப்பக்கம் எவ்வளவு ஒடித்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. சாதாரண வளைவுகளிலும் ஆகியிருக்காது. நான்கு நாள் நன்றாக ஓடியதற்கு அதுதான் காரணம்.

ஜூன் 21, சனி

புதிய கிளாக் ஸ்பிரிங். நடுவில் வைத்துப் பூட்டுத்தாள் ஒட்டியே வருகிறது. தண்டில் பொருத்திய பிறகே அந்தத் தாளைக் கிழித்தேன். தாள் இல்லாமல் வந்தால் என்ன செய்வது என்றும் அத்தான் பழைய பெட்டியை வைத்துக் காட்டிக் கொடுத்தார்: ஒரு பக்கம் தடுக்கும்வரை விரலால் மெதுவாகச் சுற்றி, வன்மை காட்டாமல் நிறுத்தி, அங்கிருந்து எண்ணிக்கொண்டே இரண்டரைச் சுற்று திரும்பி வந்து அம்புக்குறியைச் சேர்க்க வேண்டும். எண்ணுவதுதான் முக்கியம், அம்புக்குறி அப்புறம்.

மாட்டி முடித்ததும் அவரே ஓட்டுநர் இருக்கையைப் பின்னால் தள்ளினார். மார்புக்கும் ஏர்பேக் மூடிக்கும் நடுவே குறைந்தது இருபத்தைந்து சென்டிமீட்டர் வேண்டுமாம். நான் இத்தனை ஆண்டும் ஸ்டீயரிங்கைக் கட்டிக்கொண்டு ஓட்டியிருக்கிறேன்.

விளக்கு ஆறு நொடி. அணைந்தது. இருபுறமும் கடைசிவரை மூன்று மூன்று தடவை ஒடித்துப் பார்த்தோம், ஜன்னலை மூடி, மூச்சைப் பிடித்து. ஹாரனை அத்தான் தேவைக்கு மேலேயே அடித்தார்.

ஜூன் 22, ஞாயிறு

அறுந்த பெட்டியைப் பிரித்தேன். தட்டையான மெல்லிய நாடா, உள்ளே செம்புக் கோடுகள், ஒரு நகத்தின் தடிமன்கூட இல்லை. மேசையில் விரித்தபோது விளிம்பைத் தாண்டித் தரைக்குத் தொங்கியது. உள்முனையில் இழுபட்ட இடம் வெள்ளையாக மடிந்து, ஓரம் நேர்கோடாகக் கிழிந்திருந்தது. மகன் அதை விரலில் சுற்றிச் சுற்றி விடுகிறான், ஒவ்வொரு தடவையும் தானாகவே சுருண்டுகொள்கிறது.