கார் ரிமோட் சாவி: 13,800 ரூபாய்க்கும் 200 ரூபாய்க்கும் நடுவில் பதினொரு நாள்

போன வாரம்தான் இந்த அலைச்சல் முடிந்தது. ஆத்திரம் இன்னும் முழுசாக ஆறவில்லை. இதே நிலையில் இன்னொருவர் மாட்டினால் அவருக்காவது பணமும் நாளும் மிஞ்சட்டும் என்று எழுதுகிறேன்.

எங்கள் கார் எட்டு வருடப் பழையது. சாவி மடக்குச் சாவி வகை. லாக், அன்லாக் என்று இரண்டு பட்டன். அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ்: செவ்வாய், வியாழன், சனி. காலை ஆறு மணிக்கு மருத்துவமனையில் இருக்க வேண்டும். ஒரு கையால் அவரைத் தாங்கிக்கொண்டு இன்னொரு கையால் காரைத் திறந்து மூட ரிமோட் இல்லாமல் முடியாது. அதனால்தான் லாக் பட்டன் மக்கர் செய்ய ஆரம்பித்ததும் தள்ளிப்போடாமல் ஒரு வெள்ளிக்கிழமை மாலையே பக்கத்திலிருந்த வாட்ச் கடைக்குப் போனேன்.

முதல் தப்பு அங்கேயே நடந்தது. கடைக்காரர் சாவியைப் பிரித்தார், ஒரு செல்லைப் போட்டார், நாற்பது ரூபாய் வாங்கிக்கொண்டார். லாக் வேலை செய்தது. நானும் எதையும் பார்க்காமல் வந்துவிட்டேன்.

மறுநாள் காலை ஐந்தே காலுக்கு அப்பாவை லிஃப்டிலிருந்து இறக்கி காருக்கு முன்னால் நிற்கவைத்தால், இரண்டு பட்டனும் செத்துக் கிடந்தன. சரி, சாவியைக் கதவில் விட்டுத் திருப்பலாம் என்று திறந்தேன். ரிமோட்டால் பூட்டிய காரைச் சாவி போட்டுத் திறந்தால் பல வண்டிகளில் திருடன் என்று நினைத்து அலாரம் அடிக்கும். எனக்கு அது தெரியாது. விடியும் முன்னே குடியிருப்பு முழுவதும் கேட்கிற மாதிரி கார் அலறியது. அப்பாவுக்கு உடம்பே நடுங்கிவிட்டது. மூன்றாவது மாடியிலிருந்து விளக்குகள் எரிய ஆரம்பித்தன. நான் ரிமோட்டையே திரும்பத் திரும்ப அமுக்கிக்கொண்டிருந்தேன். செய்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: உள்ளே உட்கார்ந்து சாவியை இக்னிஷனில் போட்டு ஆன் நிலைக்குத் திருப்புவது. கார் தன் சாவியை அடையாளம் கண்டதும் அலாரம் நின்றுவிடும். அன்றைக்கு அது தற்செயலாகத்தான் நடந்தது. இதை வீட்டில் கார் ஓட்டுகிற எல்லோருக்கும் இன்றைக்கே சொல்லிவையுங்கள்.

அப்பாவை உள்ளே அனுப்பிவிட்டு மருத்துவமனை வாசலில் சாவியைப் பிரித்துப் பார்த்தேன். மூடியின் உள்பக்கம் 2032 என்று அச்சாகியிருந்தது. உள்ளே இருந்த செல்லிலோ 2025. இந்த எண்ணில் முதல் இரண்டு இலக்கம் குறுக்களவு, 20 மில்லிமீட்டர். அடுத்த இரண்டு கனம்: 32 என்றால் 3.2 மில்லிமீட்டர், 25 என்றால் 2.5. இரண்டுமே 3 வோல்ட்தான். கனம் குறைந்ததால் செல் ஆடிக்கொண்டிருந்திருக்கிறது. கடையில் தொட்டது, வீட்டில் விட்டது. மருந்துக் கடையிலேயே 2032 கிடைத்தது. போட்டேன். அன்லாக் உயிர் பெற்றது. லாக் மட்டும் பழைய கதை: பத்துத் தடவை அமுக்கினால் ஒரு தடவை.

செல் வாங்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். குழந்தைகள் விழுங்கிவிடக் கூடாது என்று சில செல்களில் கசப்புப் பூச்சு பூசியிருப்பார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் சில கருவிகளில் அந்தப் பூச்சே மின்தொடர்பைத் தடுக்கிறது. புது செல் போட்டும் வேலை செய்யவில்லை என்றால் இதையும் சந்தேகப்படுங்கள். கழற்றிய பழைய செல்லை மேசையில் போட்டுவைக்காதீர்கள். குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்துபோகும் அளவுக்கு ஆபத்து. இரண்டு பக்கமும் டேப் ஒட்டிக் குழந்தை கைக்கு எட்டாத இடத்தில் வைத்து, அப்புறம் மின்கழிவில் சேர்த்துவிடுங்கள்.

உண்மையில் அன்றைக்கே எனக்கு விடை கிடைத்திருக்க வேண்டும். ஒரு பட்டன் ஒழுங்காக வேலை செய்கிறது, மற்றது செய்யவில்லை என்றால் செல், ஆன்டெனா, கோடிங் (கார் தன் சாவியை அடையாளம் காண்கிற குறியீடு) எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதான் அர்த்தம். மிச்சம் இருப்பது அந்த ஒரு பட்டனும் அதன் பாதையும்தான். இதை யோசிக்காமல் திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டு சர்வீஸ் சென்டருக்குப் போனேன்.

போவதற்கு முன் போன் செய்து கேட்டேன். “காரைக் கொண்டுவாங்க சார், போதும்” என்றார்கள். அங்கே போனதும் கவுன்ட்டரில் இருந்தவர் சாவியைக் கையில் வாங்கி ஒரு தடவை அமுக்கினார். பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

“கீ செட்டே மாத்தணும் சார். 13,800 ஆகும். ப்ரோக்ராமிங் தனி.”

“அன்லாக் வேலை செய்யுதே. லாக் பட்டன் மட்டும்தான்.”

“நாங்க ரிப்பேர் எல்லாம் பண்றதில்ல சார். ஆர்டர் போட்டா வர மூணு வாரம். ரெண்டாவது சாவி எங்க?”

இரண்டாவது சாவி திருச்சியில் தங்கை வீட்டில் இருந்தது. புதுச் சாவியைக் காருக்குச் சொல்லிக்கொடுக்கும்போது இருக்கிற சாவிகளையும் சேர்த்துத்தான் பதிவு செய்வார்களாம், இல்லாவிட்டால் பழையது செல்லாமல் போகலாமாம். நியாயம்தான். அதைப் போனில் சொல்லியிருக்கலாமே? டிஜிலாக்கரில் இருந்த ஆர்.சி.யைக் காட்டினேன். “ஜெராக்ஸ் வேணும் சார், ஆதார் காப்பியும்.” அதையும் யாரும் முன்னால் சொல்லவில்லை. பார்த்ததற்கு என்று ஜி.எஸ்.டி.யோடு 590 ரூபாய் பில் வேறு. போன் செய்யும்போது “என்னென்ன கொண்டுவரணும்?” என்று நேராகக் கேளுங்கள். அவர்களாகச் சொல்வார்கள் என்று காத்திருக்காதீர்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் ஒரு யோசனை சொன்னார்: போன் கேமரா முன்னால் பட்டனை அமுக்கினால் வெளிச்சம் தெரியும், தெரியாவிட்டால் ரிமோட் அவுட். டிவி ரிமோட்டுக்கு அது சரி, அது அகச்சிவப்புக் கதிர். கார் ரிமோட் அனுப்புவது ரேடியோ அலை. நம் ஊர்க் கார்களில் பெரும்பாலும் 433.92 மெகாஹெர்ட்ஸ். கேமராவில் ஒன்றும் தெரியாது. சாவியில் இருக்கிற சின்னச் சிவப்பு விளக்கு எரிகிறது என்பதும் சிக்னல் போகிறது என்பதற்குச் சான்று இல்லை.

புதன்கிழமை மாலை அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பி ஜி.பி. ரோட்டுக்குப் போனேன். கார் உதிரிச் சாமான் என்றால் சென்னையில் எல்லோரும் போகிற இடம். ஒரு கடையில் சாவியைப் பார்த்ததும், “ரப்பர் தேஞ்சுபோச்சு சார், ஷெல் மாத்தினா புதுசு மாதிரி ஆயிடும், 450 ரூபா” என்றார்கள். ரப்பரில் குழி விழுந்திருந்தது உண்மை. சரி என்றேன். கடைப் பையன் ஐந்தே நிமிடத்தில் உள்ளே இருந்த மின்சுற்றுப் போர்டை எடுத்துப் புது ஷெல்லில், அதாவது வெளிப் பிளாஸ்டிக் கூட்டில், வைத்து, சாவித் தகட்டையும் கழற்றி மாட்டிக் கொடுத்துவிட்டான். பார்க்கப் புத்தம் புதுசு. அன்லாக் அமுக்கினேன், திறந்தது. லாக் இன்னும் தகராறு. அதைக் கேட்பதற்கு முன் வண்டியை ஓரமாகத் தள்ளி நிறுத்தலாம் என்று ஸ்டார்ட் செய்தேன். இன்ஜின் ஓடிய வேகத்தில் ஒரே வினாடியில் அணைந்தது. மறுபடி. மறுபடியும் அதே. டேஷ்போர்டில் சாவிப் படம் போட்ட சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது.

“பேட்டரி வீக்கா இருக்கும் சார், தள்ளிப் பாக்கலாமா?” என்றார் கடைக்காரர்.

பின்னால் ஆட்டோக்கள் ஹாரன் அடிக்கின்றன. மறுநாள் வியாழக்கிழமை, காலையில் டயாலிசிஸ். கை கால் ஓடவில்லை.

இந்த இடம்தான் முக்கியம், பொறுமையாகப் படியுங்கள். ரிமோட் சாவி செய்வது இரண்டு வேலை. கதவைத் திறந்து மூடுவது ஒன்று. அதற்குச் செல் வேண்டும், பட்டன் வேண்டும். இன்ஜினை ஓடவிடுவது இன்னொன்று. அது இம்மொபிலைசர் சிப்பின் வேலை. அதற்குச் செல்லே தேவையில்லை. இக்னிஷனைச் சுற்றியிருக்கிற கம்பிச் சுருள்தான் அதற்கு மின்சாரம் கொடுத்து, நீ என் சாவிதானா என்று கேட்கிறது. சில சாவிகளில் இந்தச் சிப் போர்டிலேயே இருக்கும். பல சாவிகளில் தனியாக, ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் கறுப்பாக ஆப்பு மாதிரி, ஷெல்லின் மூலையில் ஒட்டியிருக்கும். பிளாஸ்டிக்கின் ஒரு பகுதி என்றே நினைக்கத் தோன்றும். என் சாவி அந்த வகை. பையன் போர்டைத்தான் மாற்றினான். சிப் பழைய ஷெல்லோடு போய்விட்டது.

இது எனக்கு அந்த நொடியில் தோன்றியதற்குக் காரணம் அந்தச் சிவப்பு விளக்குதான். கார் கையேட்டில் எப்போதோ பார்த்திருந்தேன். “பழைய ஷெல் எங்க?” என்று கேட்டேன். பையன் குப்பை மூட்டையைக் காட்டினான். அதில் அன்றைக்குக் கழற்றிய பத்துப் பதினைந்து ஷெல்கள், டீ கப்புகள், ஒயர்த் துண்டுகள். நானும் அவனும் தரையில் கொட்டித் தேடினோம். இருபது நிமிடம். கிடைத்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிளேடால் பிளாஸ்டிக்கைக் கீறிச் சிப்பை எடுத்துப் புது ஷெல்லில் அதற்கென்று இருந்த பள்ளத்தில் வைத்தோம். சாவியைத் திருப்பினேன். இன்ஜின் நின்று ஓடியது.

அந்தப் பையன்மேல் எனக்குக் கோபம் இல்லை, அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கடைக்காரர்மேல் உண்டு. ஷெல் மாற்றினால் உங்கள் கண் முன்னால் மாற்றச் சொல்லுங்கள். பழைய ஷெல்லைக் கையில் வாங்கிக்கொள்ளாமல், இன்ஜினை இரண்டு நிமிடம் ஓடவிட்டுப் பார்க்காமல் கடையை விட்டு நகராதீர்கள். சிப் தொலைந்து, கையில் வேறு சாவியும் இல்லையென்றால், வண்டியை இழுத்துக்கொண்டு போய்ப் புதுச் சாவி பதிவு செய்வதுவரை செலவு இழுக்கும்.

லாக் பட்டன் பிரச்சினை அப்படியே இருந்தது. மொபைல் ரிப்பேர் செய்கிறவர்களிடம் காட்டலாம் என்று ஞாயிற்றுக்கிழமை ரிச்சி தெருவுக்குப் போனேன். ஷட்டர் எல்லாம் இறக்கியிருந்தது. ஞாயிறு அங்கே பெரும்பாலான கடைகள் திறப்பதில்லை என்பது தெரிந்த விஷயம்தான், அலைச்சலில் மறந்துவிட்டது. திங்கட்கிழமை மதியம் மெட்ரோவில் சாவியை மட்டும் எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கினால் நடக்கிற தூரம்.

ஒரு மாடிப்படிக்கு அடியில், நாலடி மேசை போட்டு உட்கார்ந்திருந்தார் ஒரு பெரியவர். “என்ன பண்ணுது தம்பி?” என்று கேட்டு, நான் சொன்னதை முழுசாகக் கேட்டார். பதினொரு நாளில் இந்தக் கேள்வியைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். முதலில் செல்லைக் கழற்றி அளந்தார்: 3.2 வோல்ட். “இது 2.8க்கு இறங்கினாலே முடிஞ்ச மாதிரிதான்” என்றார். அப்புறம் மல்டிமீட்டரை, மின்பாதை இணைந்தால் பீப் அடிக்கிற நிலையில் வைத்து, அன்லாக் பட்டனுக்குக் கீழே இருந்த குட்டி மைக்ரோ ஸ்விட்சின் இரண்டு பக்கமும் முள்ளை வைத்து அமுக்கினார். பீப். லாக் ஸ்விட்சில் வைத்து அமுக்கினார். சத்தம் இல்லை. நகத்தால் அழுத்தி அமுக்கினார். பீப். அவ்வளவுதான் நோய். கண்டுபிடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

ஸ்விட்சின் கால்களைச் சால்டரிங் கம்பியால் சூடாக்கிப் பற்றவைத்து மறுபடி பார்த்தார், சில நேரம் பற்று விட்டிருந்தாலும் இப்படி ஆகுமாம். மாறவில்லை. ஸ்விட்சே தேய்ந்திருக்கிறது. எதிர்க் கடையிலிருந்து நான் வாங்கிவந்த ஸ்விட்சைப் பார்த்துத் திருப்பி அனுப்பினார். “உயரம் ஜாஸ்தி தம்பி. ரப்பர் எப்பவும் அமுக்கிட்டே இருக்கும், ஒரே நாள்ல செல் காலி.” பழையதையே கையில் கொடுத்து, இதே உயரம் கேளு என்றார். சரியானது வந்ததும் இரண்டு பட்டனுக்கும் சேர்த்தே மாற்றினார், ஒன்று தேய்ந்தால் மற்றதும் பின்னாலேயே வரும் என்று. ஆல்கஹால் தொட்ட பிரஷ்ஷால் போர்டைத் துடைத்தார். செல்லைக் கழற்றினால் கோடிங் அழிந்துவிடும் என்று ஒரு கடையில் பயமுறுத்தியிருந்தார்கள், அதைக் கேட்டேன். “அது மெமரில இருக்கு, செல்லுல இல்ல” என்றார். உண்மைதான். என் சாவி ஒரு மணி நேரம் செல் இல்லாமல் கிடந்தும் வீட்டுக்கு வந்து முதல் அமுக்கலிலேயே பூட்டியது.

200 ரூபாய் வாங்கிக்கொண்டார். கூடக் கொடுத்ததை மறுத்துவிட்டார்.

அவர் சொன்ன இன்னொன்று: சாவி கீழே விழுந்த பிறகு இரண்டு பட்டனும் ஒரேயடியாக நின்றுபோனால், சிக்னலுக்கு அலைவரிசை கொடுக்கிற உள்ளே இருக்கிற படிகம் (கிரிஸ்டல்) உடைந்திருக்கலாம், அப்போது ஸ்விட்சைக் குடைந்து பயனில்லை. தண்ணீரில் விழுந்தால் அமுக்கிப் பார்க்காமல் உடனே செல்லைக் கழற்ற வேண்டும்.

தங்கை அந்த வாரக் கடைசியில் இரண்டாவது சாவியைக் கொண்டுவந்தாள். இது முதல் நாளே கையில் இருந்திருந்தால், கோளாறு காரிலா சாவியிலா என்பது ஒரே அமுக்கலில் தெரிந்திருக்கும். எட்டு வருடம் பீரோவில் கிடந்ததில் அதன் செல் செத்திருந்தது, தொடர்புத் தகட்டில் வெள்ளையாகப் பூத்திருந்தது. சுரண்டித் துடைத்து 2032 போட்டேன், கனத்தைப் பார்த்து வாங்கியது. வேலை செய்கிறது. இனி அது திருச்சிக்குப் போகாது. ஒரு வாரம் இந்தச் சாவி, ஒரு வாரம் அந்தச் சாவி என்று மாற்றி மாற்றி எடுக்கிறோம்.